லடாக் போகும் வழி பாட்டரியில் தொடங்குகிறது

மலையேறும் மோட்டார் சைக்கிள்களுக்கு ஜி.பி.எஸ். மாட்டி அனுப்புகிறது தில்லியின் கரோல்பாக். வழி காட்டும் கருவியே வண்டியை நடுவழியில் நிறுத்திவிடாமல் காப்பது ஒரு சின்ன ஒயர்.

மெட்ரோ ரயிலில் கரோல்பாக்கை நெருங்கும்போது 108 அடி உயர அனுமார் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறார். இறங்கி நடந்தால் நைவாலா பகுதியின் சந்துகள். இங்கே நடைபாதை என்று தனியாக எதுவும் இல்லை. சைலன்சர், கிளட்ச் கேபிள், பெட்ரோல் கேன் மாட்டும் இரும்புச் சட்டம், திபெத்தியப் பிரார்த்தனைக் கொடிகள் எல்லாம் தெருவிலேயே தொங்குகின்றன. லடாக் சாலைகள் பனி விலகித் திறக்கும் மே, ஜூன் மாதங்களில், நாற்பது டிகிரி வெயிலில், புல்லட்கள் இங்கே மலைப் பயணத்துக்கு அலங்காரம் செய்துகொள்கின்றன.

அலங்காரத்தில் புதிய நகை, ஹேண்டில்பாரில் உட்காரும் ஜி.பி.எஸ். கருவி. அதை மாட்ட நான்கு திருகு போதும். மின்சாரம் கொடுப்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். வண்டியின் பாட்டரி தருவது 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட்டைத் தாண்டும். கருவிக்கு வேண்டியதோ 5 வோல்ட். இடையில் மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் கன்வர்ட்டர் ஒன்று கட்டாயம்.

அவசர வேலைக்காரர் கையில் கிடைத்த விளக்கு ஒயரைச் சீவி, கன்வர்ட்டரின் ஒயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிடுவார். அல்லது பாட்டரியிலிருந்தே நேராக இழுத்துவிடுவார். கால் மணி நேர வேலை. கருவியும் பளிச்சென்று எரியும். மணாலி வரைக்கும் எரியும் என்பதிலும் சந்தேகமில்லை.

மணாலிக்குப் பிறகுதான் கணக்கு மாறுகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயைத் தவிர்க்க வழி செய்திருக்கிறது. ஆனால் அதற்கப்பால் இந்தச் சாலையில் பாராலாச்சா, தங்லங் கணவாய்கள் இருக்கின்றன. தங்லங் 5,328 மீட்டர். கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதியைவிடச் சற்றே அதிகம் அங்கே கிடைக்கும். அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டரில் என்று அறிவித்த தாண்டி கிராமத்துப் பலகை, பயணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் சின்னமாகவே ஆகியிருந்தது. வழியில் நெடுந்தூரத்துக்குச் செல்போன் சிக்னல் கிடையாது. செயற்கைக்கோள் சிக்னல் மட்டும் வானத்திலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஜி.பி.எஸ். அங்கே மதிப்புப் பெறுவது அதனால்தான்.

அந்தச் சாலையில் பாட்டரி செத்தால்? பழைய கார்புரேட்டர் புல்லட் என்றால் நாலு உதை, ஒரு வசவு, வண்டி கிளம்பிவிடும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்த பிறகு புல்லட்டும் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் கொண்ட வண்டியாகிவிட்டது. 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ல் உதைக்கும் கம்பியே இல்லை. பாட்டரி முழுவதும் வற்றினால் பெட்ரோல் பம்ப் ஓடாது, தள்ளினாலும் பயனில்லை. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் இடத்தில், சுமை ஏற்றிய வண்டியைத் தள்ள யார் முன்வருவார்கள்?

வற்றவைக்க அதிகம் வேண்டாம். திரை எரியும் கருவி அரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், பத்து மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணி போய்விடும். 8 ஆம்பியர்-மணி பாட்டரியில் மிச்சம் என்ன இருக்கும்? சர்ச்சு கூடாரங்களில் இரவுக் குளிர் வேறு அந்த மிச்சத்தின் பலத்தையும் குறைக்கும்.

நிதானமான மெக்கானிக் முதலில் சீட்டைக் கழற்றுகிறார். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனி ஒயர். முனைக்கு மிக அருகிலேயே 3 ஆம்பியர் பியூஸ். தள்ளி வைத்தால், இடையில் ஒயர் உரசிச் சேஸில் பட்டால், பியூஸ் காப்பாற்றாது. ஒயர் பற்றி எரியும். அடுத்தது ரிலே. சாவியைத் திருப்பியதும் உயிர் பெறும் பின்விளக்கு ஒயர், ரிலேவுக்குச் சைகை மட்டும் கொடுக்கும். கருவிக்கான மின்சாரம் பாட்டரியிலிருந்து தனி வழியில் வரும். சாவியை எடுத்தால் அந்த வழி அடைபடும். நெகட்டிவ் ஒயரும் பாட்டரிக்கே திரும்பும். பெயின்ட்டும் துருவும் பிடித்த சேஸை அவர் நம்புவதில்லை.

ஒயர் டாங்க்குக்கு அடியில், எஞ்சின் சூடு படாமல் முன்னேறுகிறது. ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்து, இழுபடாத அளவு தொய்வு விடுகிறார். முறுக்கிய இணைப்பு அதிர்ச்சியில் தளரும். ஈயப்பற்று வைத்த இடம் விறைத்து ஒடியும். எனவே லக்கை இடுக்கியால் நசுக்கிப் பிடித்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுகிறார். பனி உருகிச் சாலையைக் கடக்கும் ஓடைகளில் முழங்கால் வரை தண்ணீர் தெறிக்கும் என்பதால் கன்வர்ட்டருக்குச் சீட்டுக்கு அடியில்தான் இடம். செல்போனே போதாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: மோட்டார் சைக்கிளின் தொடர்ந்த அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது.

லே செல்லும் சாலை ஒன்றுதானே, வரைபடம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. சாலையை விட்டு விலகி த்ஸோ மோரிரி, ஹான்லே என்று சாங்தாங் பீடபூமிக்குள் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. மணலில் நான்கு டயர்த் தடங்கள் பிரியும். எது ஊருக்குப் போகும் என்று சொல்ல ஆள் இருக்காது. பலகைகளையும் இந்தக் கருவி சோதித்துப் பார்க்கிறது. கார்துங் லா கணவாயின் உயரம் 5,602 மீட்டர் என்று பல ஆண்டுகள் அங்கே பலகை முழங்கியது. ஜி.பி.எஸ். காட்டியதோ சுமார் 5,359.

கரோல்பாக்கில் வேலை முடிந்ததும் சோதனை. எஞ்சினைக் கிளப்பிக் கருவி எரிவதைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அதோடு விடுவதில்லை. சாவியை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். திரை அணைந்த பிறகுதான் பர்ஸைத் திறக்கிறார்கள்.