விலை குறைந்த பிஸ்டல் நேராகச் சுடுமா?

போன தடவை தோசை மாவு ஏன் புளிக்குதுன்னு எழுதினேன், இந்தத் தடவை துப்பாக்கி. ஏன்டா இப்படி தாவுறேன்னு கேட்காதீங்க, இந்தப் பக்கத்தோட தர்மமே அதுதான்.

விஷயம் இதுதான். நம்ம வகுப்பில் ஒருத்தன் ஒரு ரைஃபிள் கிளப்பில் பாயிண்ட் 22 பிஸ்டல் பழகுறான். பெயர் வேண்டாம், அவன் அப்பாவுக்கு இன்னும் விஷயம் போகலை. ஒரு வருஷமா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தூங்கி வழிஞ்சபடி நிற்பான். இப்போ விட்டுடலாம்னு இருக்கான். காரணம் கேட்டா, "மச்சி, கிளப் துப்பாக்கி பழசு. பக்கத்து லேன் பையன் கையில் இத்தாலி பிஸ்டல், லட்ச ரூபாய்க்கு மேல. காசு இருக்கிறவன் விளையாட்டுடா இது"ன்னு சொல்றான். கே.ஜி.கண்டிகையில் இருந்து போற பையன் சொல்றதுக்கு நியாயமான வார்த்தைதான். ஆனா அதில் எவ்வளவு உண்மை இருக்குன்னு அளக்கலாமே? அளந்தோம்.

முதலில் ரிம்ஃபயர்னா என்னன்னு சொல்லிடறேன். பெரிய தோட்டாவில் பின்பக்கம் நடுவில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும், ஊசி அதைக் குத்தும். பாயிண்ட் 22-ல் அந்தப் பொட்டு கிடையாது. பித்தளை உறையின் விளிம்புக்குள்ளேயே பற்றவைக்கும் மருந்து இருக்கும், ஊசி விளிம்பை நசுக்கினா வெடிக்கும். என்.சி.சி.யில் படுத்துக்கிட்டு ரைஃபிளில் சுட்டவங்களுக்கு இந்தத் தோட்டா நல்லா தெரியும். ஈய குண்டு, எடை சுமார் இரண்டரை கிராம். போட்டிக்குப் பயன்படுத்துறது ஒலியை விடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். உதைப்பு கம்மி, உள்ளே அழுத்தமும் கம்மி. அதனால் துப்பாக்கியின் வயிற்றுக்குள் சிக்கலான பூட்டு எதுவும் தேவையில்லை. ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் கனமான இரும்பு, அசையாத பேரல், அவ்வளவு போதும். மலிவா செய்ய முடியும், மலிவா செய்தாலும் நேரா சுடும் என்பதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இதுக்கு இரண்டு சாட்சி. 1949-ல் அமெரிக்காவில் ரூகர் கம்பெனி வெளியிட்ட முதல் துப்பாக்கி ஒரு பாயிண்ட் 22 பிஸ்டல், விலை 37 டாலர் 50 சென்ட். உடம்பை முழு இரும்பில் குடைஞ்சு எடுக்காம, தகட்டை அழுத்தி இரண்டு பாதியா செய்து ஒட்டவெச்சாங்க. அதுலதான் காசு மிச்சம். ஆனா பேரலும் குறி பார்க்கும் சைட்டும் அசையாத பாகத்தில் இருந்துச்சு.

இன்னொன்று சோவியத் ரஷ்யாவின் மார்கோலின் பிஸ்டல். இதைப் பற்றிப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இதை வடிவமைச்ச மிகயீல் மார்கோலின் பார்வையற்றவர்! இளம் வயதில் சண்டையில் தலையில் காயம்பட்டுக் கண் போச்சு. மெழுகு, களிமண், மரத்தில் பாகங்களைச் செய்து, விரலால் தடவித் தடவி வடிவமைச்சார். அவர் செய்த பிஸ்டலில் பின் சைட் ஒரு சின்னப் பாலம் மாதிரி நிற்கும், ஸ்லைடு அதுக்குக் கீழே போய்வரும். சைட் மட்டும் ஆடாது. கண் தெரியாத மனுஷர், கண் வைக்கிற இடத்தை அசையாம வெச்சிருக்கார். (கொசுறு: 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இளவரசி லேயா கையில் இருப்பது இந்த மார்கோலினை ஒட்டவெச்சு மாற்றினதுதான்.)

பனிப்போரின் இரண்டு பக்கமும், இரண்டு மலிவுத் துப்பாக்கி, ஒரே விடை. பேரலையும் சைட்டையும் சேர்த்து நிறுத்து, மற்றதில் மிச்சம் பிடி.

சரி, "நேராகச் சுடும்"னா என்ன? இங்கேதான் நம்மாளுங்க குழம்புறாங்க. ஆடிக் கிருத்திகைக்குச் சரவணப் பொய்கைப் பக்கம் பலூன் சுடுற கடை போடுவாங்களே, நினைவிருக்கா? அஞ்சு குண்டு சுட்டு ஒரு பலூனும் உடையலைன்னா "துப்பாக்கி கோணல்"னு சொல்லிட்டு வருவோம். அந்த அஞ்சும் பலூனுக்கு இடப்பக்கம் ஒரே இடத்தில் பட்டிருந்தா, துப்பாக்கி அருமையான துப்பாக்கி! சைட்தான் தள்ளி இருக்கு. திருகினா சரியாயிடும் (கடைக்காரர் திருக விடமாட்டார், அது வேற). அஞ்சும் அஞ்சு மூலைக்குப் போனாத்தான் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையையோ சந்தேகப்படணும். என்.சி.சி.யில் இதைத்தான் குரூப்பிங்னு சொல்றோம். குறி எங்கே விழுதுன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, எவ்வளவு நெருக்கமா விழுதுன்னு பார்க்கணும்.

இதிலும் ஒரு ஏமாற்று வேலை உண்டு. இணையத்தில் மூணு ஓட்டையை ஒரு நாணயத்தால் மூடிப் போட்டோ போடுவாங்க. மூணு குண்டு குரூப் எப்பவுமே அழகாத்தான் இருக்கும். பத்து குண்டில் சராசரியா 38 மில்லிமீட்டர் பரவுகிற அதே துப்பாக்கி, அஞ்சு குண்டில் சராசரியா 31, மூணு குண்டில் 24 காட்டும். துப்பாக்கி மாறலை, எண்ணிக்கை மாறுது. அதுவும் பத்து தடவை சுட்டு, நல்லதா ஒண்ணை மட்டும் போட்டோ எடுத்தா கேட்கவே வேண்டாம்.

அதனால நண்பனைப் பத்து பத்தா சுடச் சொன்னோம். கிளப் சார் சம்மதிச்சார். 25 மீட்டர் தூரம். முதலில் மணல் மூட்டை மேல் கையை ஊன்றி அஞ்சு தடவை, பிறகு போட்டியில் சுடுவது போல் ஒரு கையை நீட்டி அஞ்சு தடவை. தூரமான இரண்டு ஓட்டைக்கு நடுவே ஸ்கேல் வெச்சு அளந்து சராசரி போட்டோம். மூட்டை மேல் 38 மி.மீ. கையில் 140 மி.மீ.

இப்போ கணக்கு. தனித்தனி காரணங்களால் வருகிற சிதறல்கள் அப்படியே கூடாது, பத்தாம் வகுப்பு பிதாகரஸ் மாதிரி வர்க்கமாத்தான் கூடும். 140-ன் வர்க்கத்தில் 38-ன் வர்க்கத்தைக் கழிச்சு வர்க்கமூலம் எடுத்தா 135. அதாவது கை மட்டும் 135, துப்பாக்கி சேர்த்தது வெறும் 5! அவன் கையில் இதை விட இரண்டு மடங்கு நல்ல பிஸ்டல், 19 மி.மீ. சுடுவது, கொடுத்தா என்ன ஆகும்? 140 இருந்த இடத்தில் 136. லட்ச ரூபாய்க்கு நாலு மில்லிமீட்டர். டார்கெட்டில் பத்து மார்க் வட்டம் 50 மி.மீ. அகலம், ஒன்பது 100, எட்டு 150. இந்த நாலு மில்லிமீட்டர் எந்த வட்டத்தையும் தாண்ட உதவாது.

ஆனா அவன் சொன்னதிலும் உண்மை இருக்குன்னு ஒத்துக்கணும். உழைச்சு கையை 45-க்குக் கொண்டு வந்துட்டான்னு வைங்க. அப்போ பழைய பிஸ்டலில் மொத்தம் 59, நல்ல பிஸ்டலில் 49. இங்கே பத்து மில்லிமீட்டர் பெரிய விஷயம். 50 மி.மீ. வட்டத்துக்கு உள்ளேயா வெளியேயாங்கிற கேள்வியே அதுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கினாரே, அந்த மாதிரி இடத்தில் யாரும் கிளப் பிஸ்டலோட நிற்க மாட்டாங்க. அங்கே நாலு செகண்டில் அஞ்சு டார்கெட்டைச் சுடணும். கியூபாவின் லியூரிஸ் புபோ 34, நம்ம ஆள் 30. அந்த உயரத்தில் எல்லார் துப்பாக்கியும் கிட்டத்தட்ட சமம்தான், வித்தியாசம் மறுபடி கைக்கே வந்துடும்.

அப்போ அந்த விலையில் என்னதான் விற்கிறாங்க? என் அபிப்பிராயம், பேரல் இல்லை, டிரிகர். 25 மீட்டர் பிஸ்டல் விதிப்படி டிரிகர் இழுவை குறைஞ்சது 1000 கிராம் இருக்கணும், பிஸ்டல் எடை 1400 கிராமுக்கு மேல் போகக்கூடாது. மலிவுத் துப்பாக்கி சிலதில் இழுவை இரண்டு கிலோவைத் தாண்டும். துப்பாக்கியின் எடையை விட அதிக பலத்தில் அதே துப்பாக்கியை ஒரு விரலால் இழுத்துக்கிட்டு ஆடாம பிடிங்கன்னா எப்படி? அதோட இரண்டு சைட்டுக்கும் நடுவே தூரம் அதிகபட்சம் 220 மி.மீ. தான். சைட்டில் ஒரு மில்லிமீட்டர் பிசகினா 25 மீட்டரில் 113 மி.மீ. தள்ளிப் போகும். நோட்டுப் புத்தகத் தாள் இரண்டு சேர்த்த கனம் பிசகினாலே 23 மி.மீ., பத்து வட்டத்தின் விளிம்பு! ஆனா கை முழுசா ஒரே சீராக ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தா குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். அதனால்தான் கோச்சுங்க எல்லாம் "டார்கெட்டைப் பார்க்காதே, முன் சைட்டைப் பார்"னு தொண்டை கிழியக் கத்துறாங்க. கை ஆடுறது பரவாயில்லை, மணிக்கட்டு மடங்குறதுதான் எமன். கனமான டிரிகர் அந்த மணிக்கட்டைத்தான் மடக்கும்.

கிளப் பிஸ்டலின் டிரிகரையும் சோதிச்சோம். துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, வாயை மேலே தூக்கிப் பிடிச்சு, டிரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார் சார். ஒரு கிலோவுக்கு அசையலை, ஒன்றேகாலில் விழுந்துடுச்சு. மோசமே இல்லை. கைப்பிடிதான் அவன் கைக்குப் பெரிசு. மரத்தை அரத்தால் தேய்ச்சு மாற்ற அனுமதி கேட்டிருக்கான்.

தோட்டாவையும் விடக்கூடாது. ரிம்ஃபயர் உறை ஒரு தடவையோட சரி, விளிம்பு நசுங்கிடும், வீட்டில் மறுபடி நிரப்ப முடியாது. ஆகவே கம்பெனி எந்தப் பெட்டியைக் கொடுக்குதோ அதுதான் நம்ம விதி. ஒரே கம்பெனியின் இரண்டு தயாரிப்புத் தொகுதி கூட ஒரே பேரலில் வேற வேற மாதிரி சுடும். பெரிய வீரர்கள் இங்கிலாந்து பர்மிங்காமில் இருக்கும் இலே கம்பெனிக்குப் போய், தங்கள் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தொகுதியைச் சுட்டுப் பார்த்து வாங்குறாங்க. நமக்கு அவ்வளவு வேண்டாம். கிளப்பில் கிடைக்கிற இரண்டு மூணு வகையை மணல் மூட்டை மேல் வெச்சு, வகைக்கு இருபது குண்டு சுட்டா போதும். துப்பாக்கி மாற்றுறதை விட இது ரொம்ப மலிவு.

"அப்போ நானும் ஒண்ணு வாங்கலாமா?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: பாயிண்ட் 22-க்கு 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், அதுக்கு 21 வயசு ஆகணும். ஆகவே நம்ம வயசுக்கு கிளப் பிஸ்டல்தான் வழி, இல்லைன்னா 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கலாம். அஜித் குமார் 2021-ல் சென்னையிலும் 2022-ல் திருச்சியிலும் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினதும் கிளப்புகளில் விசாரிக்கிற கூட்டம் கூடிப்போச்சாம். எத்தனை பேர் ஆறு மாசம் கழிச்சும் வர்றாங்கன்னு கேட்டேன். சார் சிரிச்சார்.

நண்பன் இன்னும் முடிவு சொல்லலை. "135 என்னோடதா?"ன்னு மட்டும் இரண்டு தடவை கேட்டான். இந்த ஞாயிறு போனா, தோட்டா இல்லாம டிரிகர் இழுத்துப் பழகச் சொல்லியிருக்கார் சார். அதிலும் ஒரு கவனம் வேணும். ரிம்ஃபயரில் அறை காலியா இருந்தா ஊசி நேரா பேரலின் விளிம்பில் போய் இடிக்கும், நாளடைவில் அங்கே பள்ளம் விழும், அப்புறம் தோட்டா சரியா உட்காராது. டம்மி ரவுண்டு போட்டுத்தான் இழுக்கணும். அமெரிக்காவில் பல பேர் இதுக்குச் சுவரில் ஸ்க்ரூ முடுக்க வைக்கிற பிளாஸ்டிக் பிளக்கைச் செருகிடறாங்க. நம்ம ஊர் ஹார்டுவேர் கடை பிளக் அளவு சேருமான்னு சாரிடம் காட்ட, நாலு எடுத்துட்டுப் போறான்.