மிளகாய் தொங்கும் ஊர்

பிரான்சின் தென்மேற்கு மூலையில், பாஸ்க் நாட்டிலுள்ள எஸ்பெலெத் என்னும் சிற்றூருக்கு நவம்பர் விடுமுறையில் சென்றிருந்தேன். வெள்ளைச் சுவர்களில் செம்மிளகாய்ச் சரங்கள் தோரணமாய்த் தொங்கின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த இம்மிளகாய், இவர்கள் சமையலில் மிளகின் இடத்தைப் பிடித்துவிட்டது. பெருங்காரம் என்று எண்ணிவிடாதீர்கள். சம்பல் பழகிய நம் நாவுக்கு அது வெறும் மணந்தான். கொத்திய கன்றிறைச்சியில் சமைக்கும் 'அஷோவா'வுக்கு அந்த மணமே உயிர்.

2000ஆம் ஆண்டு இம்மிளகாயின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. பத்து ஊர்களில் விளைவதற்கு மட்டுமே அப்பெயர் உரியது. ஆனால், அம்மண்ணின் பாஸ்க் மொழிக்குப் பிரான்சில் அலுவல் மொழித் தகுதி இல்லை! 1969இல் பெற்றோர்களே 'செயாஸ்கா' என்னும் அமைப்பைத் தொடங்கித் தாய்மொழிவழிப் பள்ளிகளை நடத்தலாயினர். 'இகஸ்தோலா' என்பது அப்பள்ளிகளின் பெயர்.

மிளகாய்த்தூள் விற்ற மூதாட்டியிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் பேச்சுக் கொடுத்தேன். சிறுவயதில் வகுப்பில் பாஸ்க் பேசியதற்காகத் தண்டனை பெற்றவராம். பேத்தி இப்போது இகஸ்தோலாவில் படிக்கிறாள்.

"பேச மட்டுமே தெரியும் எனக்கு. எழுதுவதை அவளுடைய வீட்டுப்பாடத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறேன்" என்றார்.

பொட்டலத்தின்மேல் ஊர்ப்பெயரைப் பாஸ்க் மொழியில் எழுதித் தரும்படி கேட்டேன். நிதானமாக, எழுத்துக்கூட்டி எழுதினார்: எஸ்பெலெட்டா.