வள்ளூர்ல ஒரு வல்லூறு

ஊர் பேரைச் சொன்னதுமே "அனல் மின் நிலையம் இருக்கே, அதானே?"ன்னு கேட்பாங்க. அதேதான். 500 மெகாவாட் யூனிட் மூணு. ஆனா எங்க தெருவுல வல்லூறும் இருக்கு. (பேர் ஒத்துமை தற்செயல். ள வேற, ல வேற.)

எண்ணூர் பக்கம் வானத்துல வட்டம் போடுறது எல்லாம் வல்லூறு இல்ல, பருந்து. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமா வந்தா செம்பருந்து. கருடன்னு கன்னத்துல போட்டுக்குவோமே, அது. வல்லூறு புறா சைஸ்தான். முதுகு சாம்பல் நிறம். நிலக்கரிச் சாம்பல் படிஞ்சது இல்ல, பிறவிக் கலரே அதான். நெஞ்சுல செம்பழுப்புக் குறுக்குக் கோடுகள், தொண்டை நடுவுல பென்சிலால இழுத்த மாதிரி ஒரு கோடு. ஆணுக்குக் கண் சிவப்பு. பெண் அதைவிடப் பெருசு, கண் மஞ்சள்.

இறக்கை குட்டை, வால் நீளம். கிளைகளுக்கு நடுவுல சட்டுனு திரும்ப அதான் வசதி. இலை மறைவுல அசையாம உட்கார்ந்திருக்கும். ஓணான், எலி, அணில், குருவி எது அசைஞ்சாலும் ஒரே பாய்ச்சல். "கீ-கீ"ன்னு இது கத்தினா மைனா எல்லாம் சிதறும். கரிச்சான் இதே குரல்ல மிமிக்ரி பண்ணி, மைனாவை விரட்டிட்டு அதோட இரையைத் தூக்கிடும். கேடி!

இப்போ பிரச்சினைக்கு வர்றேன். பக்கத்து வீட்டு வேப்பமரத்துல இது கூடு கட்டியிருக்கு. ஏப்ரல் முதல் வாரத்துலேருந்து பெண் அடைகாக்குது, ஆண் இரை கொண்டு வருது. அந்த வீட்டு அங்கிள் கார் ஷெட் போட மரத்தை வெட்டப் போறார்.

அடைகாக்க ஏறக்குறைய மூணு வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாசம். ப்ராஜெக்ட் ஷெட்யூல் மாதிரி பேப்பர்ல போட்டுக் காட்டினேன். "ஜூன் வரைக்கும் தள்ளிப் போடுங்க அங்கிள், ப்ளீஸ்."

"எங்க அம்மா வளர்த்த கோழிக்குஞ்சை ரெண்டு தடவை தூக்கிட்டுப் போச்சு. அதுக்குப் போய் வக்காலத்து வாங்குறியா?"

அவர் சொல்றதும் பொய் இல்ல. வல்லூறு கோழிக்குஞ்சைத் தூக்கும்தான். மீதிக் குஞ்சுகளை மூட ஒரு பெரிய மூங்கில் கூடை வாங்கிக் கொடுத்திருக்கேன். ஆயா வாங்கிக்கிட்டாங்க. அங்கிள் இன்னும் பதில் சொல்லல. மரம் வெட்டுறவரும் இன்னும் வரல.