வழக்கும் வழுவும்

வழக்கு என்னுஞ் சொல்லைத் தமிழாசிரியர் ஒருவிதமாகவும் சட்டத்தரணி வேறுவிதமாகவும் பொருள்கொள்வர். எமக்கு அது சான்றோர் சொல்லை ஆளும் மரபு. அவர்க்கு அது மன்றிலே தொடுக்கும் பிணக்கு. இவ்விரண்டும் ஓரிடத்திற் கூடுவதை ஊர்காவற்றுறையிலே ஆசிரியப்பணி புரியுங்கால் யாம் கண்டோம். இக்கல்லூரியின் பழைய மாணவருள் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் பலராதலின், அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எம்மூரில் நீதிமன்ற அழைப்பாணை பெற்றோர் சிலர், சட்டத்தரணியை நாடுமுன் தமிழ் வாத்தியாரை நாடுவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் வள்ளங் கட்டும் ஓடாவி ஒருவர் அவ்வாறு வந்தார். முற்பணம் பெற்று ஒருவருக்கு வள்ளமொன்று கட்டிக் கொடுத்தவர் அவர். எதிராளி ஒப்பந்த நிபந்தனைகளைப் பலமுறை மீறினார் என்றும், அதனால் வழக்காளிக்குப் பெருநட்டம் நேர்ந்தது என்றும் வழக்குரையிற் கண்டிருந்தது.

"வாத்தியார், நான் எதை மீறினனான் எண்டு இதில கிடக்குது?" என்று அவர் வினவினார். மீண்டும் முதலிலிருந்து வாசித்தோம். "அண்ணை, அது இதில இல்லை" என்பதன்றி வேறு விடை எமக்குக் கிடைத்திலது. காலந் தாழ்ந்ததா, பலகை பழுதா, அளவு பிழைத்ததா, எந்நாளில், நட்டம் எவ்வளவு என்பன ஒன்றேனும் அங்கே இல்லை. தோற்பாராயின் அவர் குடியிருக்கும் வளவே கடனில் மூழ்கும். எதனை மறுப்பதென்று அறியாதவரிடம் மறுப்புரை கேட்பது எங்ஙனம் நீதியாகும்?

நன்னூல் பயின்ற மாணவர் தெரிநிலை வினையின் இலக்கணத்தை அறிவர். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்னும் ஆறும் அங்கே எண்ணப்படும். 'மீறினார்' என்னும் வினையை இவ்வாறு வினாவினால், செய்பவர் தெரிகிறார்; காலம் இறந்தகாலம் என்னுமளவே தெரிகிறது; ஏனையவை மறைந்து நிற்கின்றன. இதனையே அந்நூல் குன்றக் கூறல் என்னுங் குற்றமாகக் கொள்ளும்.

இந்நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதனையே வேண்டுகின்றது. 1889 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 40 ஆம் பிரிவு, வழக்குக்குக் காரணமான நிகழ்ச்சிகளைத் தெளிவாகவும் சுருக்கமாகவும், எங்கே எப்போது நிகழ்ந்தன என்பதோடும், இலக்கமிட்ட பந்திகளில் உரைக்குமாறு விதிக்கின்றது. 46 ஆம் பிரிவு, அவ்விவரங்களைப் பிழையின்றியும் வீண் விரிவின்றியும் கூறாத வழக்குரையை ஏற்க மறுக்கவும், திருத்துமாறு திருப்பவும் நீதிமன்றுக்கு அதிகாரந் தருகின்றது. குன்றக் கூறலோடு மிகைபடக் கூறலும் அங்கே குற்றமே. எதிராளியோ, 75 ஆம் பிரிவின்படி, வழக்குரையிற் கூறியவற்றை ஒப்பவோ மறுக்கவோ வேண்டும். கூற்று மங்கலாயின் மறுப்பும் மங்கலாகும், எழுவினாக்களும் மங்கலாகும். 1988 ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நீதிமன்ற மொழியாதலின், இக்குறை நம் தமிழுக்கும் உரிய குறையாயிற்று.

நம் இலக்கியத்திலும் ஓர் ஒப்பந்த வழக்கு உண்டு. பெரியபுராணத்திலே, புத்தூரில் மணக்கோலத்திலிருந்த சுந்தரரை முதியவர் ஒருவர் தம் அடிமை என்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் 'அடிமை' என்னும் ஒரு சொல்லோடு அமைந்தாரல்லர். எழுதியவர் யார், யாருக்கு எழுதினார், எத்தொண்டுக்கு இசைந்தார், யார் யாரைக் கட்டுப்படுத்தும் என்பவற்றை மூல ஓலையிலிருந்து வாசிக்கக் கேட்டனர், சாட்சிகளின் கையெழுத்தைப் பார்த்தனர், பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கினர், அதன்பின்னரே தீர்ப்புரைத்தனர். வழக்காளி இறைவனேயாயினும் விவரம் வேண்டப்பட்டது.

ஓடாவியின் சட்டத்தரணி வழக்குரையின் தெளிவின்மையையே முதல் ஆட்சேபமாக எழுப்பினார். வழக்காளி அதனைத் திருத்தினார். இரண்டு மாதத் தாமதமும், அடிப்பலகை இரண்டிற் கசிவும் என மீறல் இரண்டாயிற்று. நட்டத்துக்குத் தொகையும் குறிக்கப்பட்டது. தாமதத்தை ஓடாவி ஒப்புக்கொண்டார், கசிவை மறுத்தார். பேசவேண்டியது இன்னதென்று இருவர்க்கும் தெரிந்தபின் பிணக்கு இணக்கத்தில் முடிந்தது.

இவ்வாட்சேபத்தை வழக்கை இழுத்தடிக்குங் கருவியாகக் கொள்ளுதல் தகாது. உரையிலே நிகழ்ச்சியைக் கேட்கலாம். சான்று முழுவதையுங் கேட்டல் ஆகாது. இந்தியாவின் 1908 ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டமும் வழக்குரையிற் பொருண்மையான நிகழ்ச்சிகளே வேண்டும், சான்றுகள் வேண்டா என்று வரையறுக்கின்றது. மெய்யான கோரிக்கை, தெளிவு வேண்டுவதால் அழிவதில்லை. மன்றிலே உறுதியே பெறும்.

மாணவர்காள், 'பலமுறை', 'பெரிதும்' என்று எழுத நேரும்போது எத்தனை, எவ்வளவு என்று உம்மையே வினவுங்கள். சட்டத்தரணிகளான பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரைந்த உரையை மன்றுக்கு அனுப்புமுன், சட்டம் அறியாத ஒருவர்க்கு அதனை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். "எது? எப்போது?" என்று அவர் கேட்பாராயின், அவ்வுரை இன்னும் எழுதி முடிந்திலது.