அனுப்பாத படம்

என் கைபேசியை ஒருநாள் வாங்கிப் பார்த்த தோழர் ஒருவர், "இன்னா தோழர், தொறந்தா ஒரே பொணமும் சாம்பலுமா கீது" என்றார். உண்மைதான். உண்மையறியும் குழுக்களோடு போன இடங்களில் எடுத்தவை அவை. எரிந்த குடிசை, தலை உடைக்கப்பட்ட அம்பேத்கர் சிலை, தையல் போட்ட மண்டை, பிணவறை வாசலில் வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். நம்மவர்களைப் படம் எடுப்பது அடிபட்ட பிறகுதான் என்று ஆகிப்போனது. இதற்காகப் பத்திரிகைக்காரர்களைத் திட்டிக்கொண்டிருந்த நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு, சும்மா கண்ணில் படுகிறதையும் எடுக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்புவேன். அவர்களும் அவரவர் ஊர்ப் படங்களை அனுப்புவார்கள். குளம், பனைமரம், பேருந்து நிலையத்து டீக்கடை என்று எதுவாகவும் இருக்கும்.

எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம். அதற்கு மேல் ஊர்ப் பெயர் கேட்காதீர்கள். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் அனுப்பியது ஒரு நடவு வயல். காலைப் பனி, பின்னால் பாறைக்குன்று, வரப்போரம் ஒரு வேப்பமரம். சென்னையில் படிக்கும் மாணவி ஒருத்தி "சொர்க்கம் மாதிரி இருக்குக்கா" என்று எழுதினாள். அந்தச் சந்தோஷத்தில் அம்மாவிடம் காட்டினேன். அம்மா போனைக் கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தாள். "இது மேலண்டக் கழனி. நாங்க பதினோரு பேரு நட்டோம். ரெண்டு நாள் கூலி இன்னும் வர்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வேப்ப மரத்துலதான் உங்கப்பாவக் கட்டி வெச்சிருந்தானுங்க, மடைய தெறந்துட்டான்னு" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. முப்பது வருடமாக அந்த மரத்தைத் தாண்டிப் போய்வந்திருக்கிறேன்.

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. மராத்தியரின் இராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளைச் சேர்த்து அறிவித்தார்கள். பதினொன்று மகாராட்டிரத்தில், மிச்சம் ஒன்று எங்களுடையது. உடனே நண்பர்கள் கிளம்பி வந்துவிட்டார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் கல்யாண மகாலையும் நெல் களஞ்சியத்தையும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். சிவாஜி 1677இல் பிடித்தது, தேசிங்கு ராஜா 1714இல் செத்தது எல்லாம் கூட வந்த ஒருவர் ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

அங்கே நாலாவதாக ஒரு சின்னக் குன்றும் உண்டு. கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் அதைச் சக்கிலிதுர்க்கம் என்று குறித்திருக்கிறார்கள். எதனால் அந்தப் பெயர், அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்லும் பலகை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அன்று நான் அந்தக் குன்றை மட்டும் எடுத்து அனுப்பினேன். "இதுல என்ன இருக்கு, வெறும் பாறைதானே" என்று ஒருவர் கேட்டார். பெயரை எழுதினேன். பதிலே இல்லை. அருந்ததியர் தோழர் ஒருவர் மட்டும் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டு, "அதப் பெருசா பிரிண்ட் போட்டுக் குடுங்க தோழர், வீட்ல மாட்டணும்" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

வயலை அனுப்பியாயிற்று, மலையை அனுப்பியாயிற்று. அனுப்பாத படம் ஒன்று இருக்கிறது. அது 2023 கிறிஸ்துமஸில் எடுத்தது.

டிசம்பர் 25 என்றால் எங்கள் நண்பர்களுக்கு வேறு நினைவு. 1927இல் மகாத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்த நாள். 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு கொளுத்திய நாள். நான் பெரும்பாலும் அன்று வெண்மணியில்தான் இருப்பேன். "பொறந்த நாளைக்குக்கூட ஊட்ல தங்க மாட்டா" என்று அம்மா புலம்புவாள். அந்த வருடம் ஆயாவுக்கு உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருந்தேன்.

தெருப் பையன்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் குடில் கட்டியிருந்தார்கள். ஏரி மண், கொட்டாங்கச்சியில் முளைக்கவிட்ட கேழ்வரகு, கசக்கிச் சாயம் பூசிய காகிதத்தில் மலை. பெத்லகேம் மலையை ராஜகிரி மாதிரியே செங்குத்தாகச் செய்துவைத்திருந்தான்கள். அவன்கள் பார்த்த மலை அதுதானே. மேலே மூங்கில் தப்பையில் கட்டிய சிவப்பு நட்சத்திரம். ஆயா குடிலுக்குப் பக்கத்தில் கையில் அதிரசத்தோடு உட்கார்ந்து, யாரோ சொன்ன கேலிக்குப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அப்போது எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

அனுப்பப்போகும்போது தம்பி பார்த்துவிட்டான். "அக்கா, யாருக்கும் அனுப்பாத. அழிச்சிடு."

அவனுக்கு ரெண்டு பெயர். கோயில் ஏட்டில் ஒரு புனிதர் பெயர், பள்ளிச் சான்றிதழில் முருகன் பெயர். எனக்கு ஒரே பெயர், கிறிஸ்தவப் பெயர்தான். அதனால் நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் அப்படித்தான் சான்றிதழ். கல்லூரி விடுதியில் என்னைச் சாதி சொல்லித் திட்டியதற்குப் புகார் கொடுக்கப் போனபோது, "நீ கிறிஸ்டியன்மா, வன்கொடுமைச் சட்டம் உனக்குச் செல்லாது" என்று நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். திட்டியவளுக்கு என் மதம் தெரியும். சாதியும் தெரியும். அவளுக்கு அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. நான் பட்டதைப் பார்த்துத்தான் தம்பியை வேறு பெயரில் பள்ளியில் சேர்த்தார்கள்.

சாதிச் சான்றிதழ் விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று தெரிந்தால் அம்மா சுவரிலிருந்து திருஇருதயப் படத்தைக் கழற்றி நெல் குதிருக்குப் பின்னால் வைப்பாள். அந்த இடத்தில் முருகன் காலண்டர் ஏறும். காலண்டர் சின்னது. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்து, ஒரு சட்டம் மாதிரி சுற்றிலும் தெரியும். அது வந்தவர் கண்ணில் படக்கூடாதே என்று அப்பா அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டே பேசுவார்.

இது பொய்தானே என்று கேட்பீர்கள். பொய்தான். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவாக இல்லாதவன் பட்டியல் சாதி ஆகமாட்டான் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவத்தில் சாதி இல்லையாம், எங்களைச் சேர்க்காததற்கு அதுதான் காரணமாம். எங்கள் பங்கில் தேர் எங்கள் தெருவுக்கு வராது. கல்லறையில் ஊர்க்காரர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர் நிற்கிறது. தாது வருசப் பஞ்சத்தில் (1876–78) கஞ்சிக்கும் கொஞ்சம் மரியாதைக்கும் வேதத்தில் சேர்ந்தவர் எங்கள் பாட்டன். கஞ்சி கிடைத்தது.

தம்பி பயந்ததில் அர்த்தம் இருந்தது. அவன் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. "மார்ச்ல பேப்பர்ல வந்துச்சே, படிக்கலியா" என்றான். தேவிகுளம் தனித்தொகுதியில் ஜெயித்த, மூணாறுப் பக்கத்துத் தமிழர் ஒருவரின் வெற்றி செல்லாது என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அவருடைய கல்யாணப் படங்களும் அந்த வழக்கில் சான்றாக வந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் என்ன உடுத்தியிருந்தார்கள் என்பதுவரை பார்த்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆனால் 2023 டிசம்பரில் எங்கள் திண்ணையில் அது யாருக்குத் தெரியும்? அவரவர் கும்பிடும் சாமியை வைத்துச் சான்றிதழைப் பிடுங்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் உண்டு. மருத்துவமனைச் சுவரில் சிலுவை மாட்டியிருந்த ஒரு பெண் டாக்டரின் வழக்கு, 2021இல். அதையும் சொல்லிப் பார்த்தேன். "அவங்க டாக்டர்க்கா. கோர்ட்டுக்குப் போவ முடிஞ்சுது" என்றான்.

கல்யாணப் படம், ஞானஸ்நானப் படம், புதுநன்மைப் படம் எதையும் வீட்டில் மாட்டாத குடும்பங்கள் எங்கள் தெருவில் எத்தனை என்று அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். நினைவில்லாத ஜனங்கள் என்று நம்மைப் பற்றி யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நினைவை ஒளித்துவைக்க வேண்டியிருக்கிறது. நண்பர்கள் அன்று "கிறிஸ்துமஸ் படம் எங்கே?" என்று கேட்டார்கள். முறத்தில் அடுக்கிய அதிரசத்தை மட்டும் எடுத்து அனுப்பினேன்.

அடுத்த ஆடியில் ஆயா செத்துப்போனது. கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் தேடினால் ஆதார் அட்டையில் இருப்பதும் இதுவும்தான். ஆதார் படத்தில் ஆயா செத்தவள் மாதிரியே இருந்தது. பேனரைத் தெருமுனையில் கட்டுவார்கள், போகிற வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். அதனால் அம்மாவும் நானும் டவுன் ஸ்டுடியோவுக்குப் போய், "பின்னாடி இருக்கறத எடுத்துடுப்பா" என்றோம். பையன் கம்ப்யூட்டரில் குடிலை அழித்தான், ராஜகிரி மாதிரி இருந்த காகித மலையை அழித்தான். "பேக்ரவுண்டு எது வேணும்?" என்று வரிசையாகக் காட்டினான். பனிமலை, தாஜ்மகால், நீர்வீழ்ச்சி. அம்மா கொஞ்சம் யோசித்து நீர்வீழ்ச்சியைக் காட்டினாள்.

இப்போது வீட்டில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். எங்கள் ஆயா, வாழ்நாளில் பார்க்காத ஒரு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறது. தோளுக்கு மேலே மூலையில் ஒரு சிவப்புத் துணுக்கு மட்டும் நிற்கிறது, நட்சத்திரத்தின் வால். பையன் அழிக்க மறந்துவிட்டான். அம்மா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

தம்பியிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "ஊர் பேரு போடாத, எந்த வேலைன்னும் போடாத" என்றான். போடவில்லை. பழைய படத்தை நான் அழிக்கவில்லை, யாருக்கும் அனுப்பவும் இல்லை. அது என் போனில் இருப்பது அவனுக்குத் தெரியும். ஊருக்கு வரும்போது சில நாள் போனைக் கேட்டு வாங்குவான். திறந்து கொஞ்ச நேரம் பார்ப்பான். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பான்.