'பாசிட்டிவ்'னா நல்லதா, கெட்டதா தாயி?

அண்ணன் வாட்ஸ்அப்பில் அந்த ரிப்போர்ட்டை அனுப்பியபோது சென்னையில் எனக்கு நைட் ஷிஃப்ட். திண்டுக்கல்லில் இருக்கும் பெரியப்பாவின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட் அது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: 'சிடி20 - பாசிட்டிவ்'.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் 'பாசிட்டிவ்' என்றாலே வயிறு கலங்கும். பெரியம்மா போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார். "நீதான் பேப்பர்ல எழுதுறியே, பாசிட்டிவ்னா நல்லதா, கெட்டதா தாயி?"

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மதுரையில் டாக்டர் சொன்ன பதில் யாரும் எதிர்பார்க்காதது. "வந்திருக்கிறது லிம்போமா, ரத்த அணுக்கள் சம்பந்தப்பட்ட புற்றுநோய். ஆனால், சிடி20 பாசிட்டிவ் என்பது நமக்குச் சாதகம். மருந்து பிடிக்க ஒரு இடம் இருக்கிறது என்று அர்த்தம்."

அன்று இரவே பெரியப்பாவிடமிருந்து ஒரு ஃபார்வர்டு வந்தது. 'புற்றுநோய்க்கு முற்றுப்புள்ளி!' என்று தலைப்பிட்ட பழைய செய்தி. கீழே ஒரு கேள்வி: "நீ எழுதுனதுதானே? இந்த மருந்து மதுரையில கிடைக்குமா?"

நான் எழுதியதுதான். முதலில் வேலை பார்த்த இடத்தில், கிளிக் வர வேண்டும் என்று நானே வைத்த தலைப்பு. அது எலிகளிடம் நடந்த சோதனை. 'எலி' என்ற சொல் ஏழாவது பத்தியில்தான் வரும். பெரியப்பா அதுவரை படிக்கவில்லை. படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதானே அங்கே வைத்தேன்? அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவருக்கு ஒரு சரியான பதிலாவது சொல்ல வேண்டும் என்றுதான் சிடி20 பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

வெள்ளணுக்களில் ஒரு வகை, பி செல். கிருமிகளை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உருவாவது இந்த வம்சத்தில்தான். இப்படிப்பட்ட செல்களின் மேற்பரப்பில் பலவகைப் புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கும் ஏற்பிகளும் அவற்றில் உண்டு. பி செல்லின் மேல் இருக்கும் அப்படியொரு புரதம்தான் சிடி20. 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ரிடுக்ஸிமாப்' மருந்து இதைத்தான் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும், 'இது அழிக்க வேண்டிய செல்' என்று உடலின் மற்ற பாதுகாப்புப் படைகளுக்குத் தெரிந்துவிடும். நல்ல பி செல்களும் இதில் சேர்ந்து அழியும். ஆனால், அவற்றை உருவாக்கும் தாய் செல்களில் சிடி20 இல்லை. அதனால் மெல்ல மெல்லப் புதியவை முளைத்து வரும். அதுவரை கிருமித் தொற்று வராமல் கவனமாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா? சாதாரண மைக்ராஸ்கோப்பில் முடியாது. சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் அதில் ஒன்றாகவே தெரியும். ஒளியின் இயல்பால் வரும் இந்த எல்லையை 1873-லேயே எர்ன்ஸ்ட் அபே சொல்லிவிட்டார். அதைத் தாண்டும் வழிகளைக் கண்டுபிடித்ததற்காக எரிக் பெட்ஸிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

தைப்பூசத்துக்கு எங்கள் ஊர் வழியாகப் பழநிக்கு நடந்துபோகும் கூட்டத்தை ராத்திரியில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? எல்லோர் கையிலும் டார்ச் எரிந்தால் ஒரே வெளிச்சக் கோடாகத் தெரியும். ஒரு நேரத்தில் ஒருசிலர் மட்டும் டார்ச்சை அடித்து அணைத்தால்? ஒவ்வொருவர் நிற்கும் இடத்தையும் தனித்தனியாகக் குறித்துவிடலாம். புதிய மைக்ராஸ்கோப்புகளில் ஒரு வகை செய்வது இதைத்தான். மூலக்கூறுகளைச் சிமிட்டவைத்து, புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்கிறது.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2019-ல் இப்படித்தான் மைலோமா புற்றுநோய் செல்களில் சிடி19 என்ற புரதத்தைத் தேடினார்கள். வழக்கமான சோதனையில் 'இல்லை' என்று வந்த செல்களிலும் அது கொஞ்சம் இருந்தது. ஒரு செல்லில் 100-க்கும் குறைவாக இருந்தாலே, அதைக் குறிவைக்கும் 'கார்-டி' செல்கள் கண்டுபிடித்து அழித்துவிடுவதையும் பார்த்தார்கள். அதே சிடி19-ஐக் குறிவைக்கும் 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்குத்தான் 2023-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. ஐ.ஐ.டி. பாம்பேயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது அது.

2025-ல் வூர்ஸ்பர்க் குழு 'சயின்ஸ்' இதழில் பெரியப்பாவின் சிடி20 பற்றியே எழுதியது. பி செல்லின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்விரல்களில்தான் சிடி20 நிறைய இருக்கிறதாம். மருந்து வந்து ஒட்டியதும் அந்த விரல்கள் விறைத்து நிலைக்கின்றன. செல்லே ஒரு பக்கமாகச் சாய்ந்த அமைப்புக்கு மாறுகிறது. இனி வரும் மருந்துகளை இன்னும் நன்றாக வடிவமைக்க இது உதவலாம். இப்போதைக்கு 'உதவலாம்', அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதைச் சொன்னேன். பெரியப்பா நாகல் நகர் பட்டறையில் முப்பது வருஷம் மாங்காய்ப் பூட்டு செய்தவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தவர். அவருக்குப் புரியட்டும் என்று, "சிடி20ங்கிறது பூட்டு, மருந்துதான் சாவி பெரியப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "சாவின்னா போட்டுத் திறந்துட்டு வெளிய எடுக்கணும். இது போய் ஒட்டிக்கிட்டு அங்கேயே இருக்குன்னு சொல்றே. அப்புறம் எப்படி சாவி? கடைக்கு அதிகாரிங்க வைக்கிற சீல் மாதிரில்ல இருக்கு! பார்க்கிறவனுக்கெல்லாம் சேதி தெரிஞ்சுடும்."

நான் படித்த எந்தக் கட்டுரையையும்விட அது தெளிவாக இருந்தது.

இப்போது மூன்று சுற்று மருந்து முடிந்திருக்கிறது. முதல் தடவை குளிர் நடுக்கம் வந்ததால் மருந்தை மெதுவாகவே ஏற்றினார்கள். இன்னும் மூன்று சுற்று பாக்கி. கழுத்துக் கட்டி சுருங்கியிருக்கிறது. மீதியை அடுத்த மாத ஸ்கேன்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆய்வைப் பற்றி நான் எழுதிய செய்திக்கு, 'புற்றுநோய் மருந்து செல்லில் ஒட்டுவதைப் படம்பிடித்த ஆய்வாளர்கள்' என்று தலைப்பு வைத்தேன். சோதனைக்கூடத்தில் செல்களில் செய்த ஆய்வு என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். கிளிக் குறைவுதான்.

பெரியப்பா கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு போன் செய்தார். "தலைப்பு கொஞ்சம் சப்புனு இருக்கு தாயி. ஆனா, புரிஞ்சுச்சு."