தாளின் தலையும் அடியும்: பாகான் டத்தோ வட்டாரத்தில் பக்க அமைப்பு வேலை

அச்சிட்ட பக்கத்தின் மேல் ஓரத்தில் ஓடும் வரி பக்கத்தலைப்பு. கீழ் ஓரத்தில் நிற்பது பக்கஅடி. அச்சகங்களில் இவற்றை ஹெடர், ஃபூட்டர் என்றே சொல்கிறார்கள். இது யாருடைய தாள், எந்த நூல், எத்தனையாவது பக்கம், யார் அச்சிட்டது என்ற கேள்விகளுக்கு இந்த இரண்டு வரிகளும் பதில் சொல்கின்றன. தாள் கிழிந்து தனியே போனாலும் அதன் சொந்தக்காரரை அடையாளம் காட்டுபவை இவைதாம்.

மலேசியாவில் பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் பாகான் டத்தோ. தென்னைக்கும் செம்பனைக்கும் பேர்போன இந்த வட்டாரத்தின் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழர்கள் உழைத்திருக்கிறார்கள். 1906இல் தொடங்கிய ஜெண்டராத்தா தோட்டம் இங்கேதான் இருக்கிறது. தோட்டத்தோடு கோயிலும் தமிழ்ப்பள்ளியும் வந்தன. அவற்றோடு அச்சு வேலையும் வந்தது. திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், நன்கொடை ரசீதுப் புத்தகம், சங்கத்தின் கடிதத்தாள், திருமணப் பத்திரிகை எனச் சிறிய அச்சகத்துக்கு வரும் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தலையும் அடியும் வேறு வேறு.

தமிழில் இந்த ஏற்பாடு அச்சுக்கும் முந்தியது. ஓலைச்சுவடியில் ஏட்டின் இடது ஓரத்தில் ஏட்டெண்ணைத் தமிழ் எண்ணில் எழுதினார்கள். கட்டு அவிழ்ந்து ஏடுகள் கலைந்தால் அந்த எண்ணை வைத்தே மீண்டும் அடுக்கினார்கள். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூல் அச்சான பிறகு ஏடு மெல்லத் தாளாயிற்று. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளில் பக்க எண்ணைத் தமிழ் எண்களில் இடுவது பரவலாக இருந்தது. அச்சுக்கோக்கும் காலத்தில் பக்கத்தலைப்பு வரியையும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஈய எழுத்தால் தனியே கோக்க வேண்டியிருந்தது. கணினி வந்தபின் ஒரு மாஸ்டர் பக்கத்தில் வைத்தால் போதும், எல்லாப் பக்கத்திலும் வந்துவிடுகிறது. உழைப்பு குறைந்தது, ஆனால் ஒரே ஒரு பிழை நூறு பக்கத்திலும் பரவும் வழியும் அதோடு திறந்தது.

அளவில்தான் வேலை தொடங்குகிறது. பள்ளி மலர் பெரும்பாலும் ஏ4 தாளில் வரும்; அதன் அளவு 210க்கு 297 மில்லிமீட்டர். ஏ4ஐ இரண்டாக மடித்தால் 148க்கு 210 அளவில் ஏ5 கையேடு கிடைக்கும். தாளைப் பிடித்து இழுக்கும் முனையில் ஆஃப்செட் இயந்திரத்துக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் வெற்றிடம் வேண்டும். நடுவில் கம்பி போட்டுத் தைக்கும் கையேட்டில் பக்கங்கள் நான்கு நான்காகவே கூடும். தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகப்படுவதால் உள்தாள்கள் வெளியே பிதுங்கும். கட்டிங் இயந்திரம் அந்தப் பிதுக்கத்தை வெட்டிவிடும். பக்க எண் வெளி ஓரத்தை ஒட்டி நின்றால் நடுத்தாள்களில் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால் அனுபவமுள்ளவர் எண்ணை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளியே வைப்பார்.

அடுத்தது ஒற்றை, இரட்டைப் பக்கக் கணக்கு. நூலை விரித்தால் வலது பக்கம் ஒற்றை எண், இடது பக்கம் இரட்டை எண். மலரில் இடப்பக்கத் தலைப்பில் பள்ளியின் பெயரும் வலப்பக்கத் தலைப்பில் கட்டுரையின் பெயரும் வரும். இரண்டிலும் பக்க எண் வெளி ஓரத்தில் நிற்கும். தையலுக்காக உள் ஓரத்தில் கூடுதல் இடம் விட வேண்டும். கட்டுரைக்குக் கட்டுரை தலைப்பு மாறுவதால், ஒவ்வொன்றையும் தனிப் பிரிவாக்கி, முந்தைய பிரிவோடு உள்ள இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இதை மறந்தால் தலைமையாசிரியர் வாழ்த்துரையின் தலைப்பு மாணவர் கவிதையின் மேலும் ஏறி நிற்கும்.

முதல் பக்கத்துக்கு விதி தனி. கோயில் வெளியீட்டில் பிள்ளையார் சுழியும் ‘ஓம் சக்தி’யும் தொடக்கத்தில் ஒருமுறை வரவேண்டியவை. அவற்றைப் பொதுத் தலைப்பில் வைத்தால் வரவு செலவுக் கணக்குப் பக்கம்வரை தொடரும். முதல் பக்கத்துக்கு வேறு தலைப்பு என்ற ஏற்பாடு பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் சிக்கல் தீரும்.

தமிழ் எழுத்துரு கேட்கும் கவனம் இன்னும் அதிகம். பழைய மலர்களின் கோப்புகள் பல ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். முன்னுரைப் பக்கங்களுக்குச் சிறிய ரோமன் எண் வைத்து, பக்கஅடியும் அதே எழுத்துருவில் இருந்தால், நான்காம் பக்கத்தில் எண் வராது. ஐகாரக் குறியும் ‘எ’ என்ற எழுத்தும் வந்து நிற்கும். பக்க எண்ணுக்கு மட்டும் ஆங்கில எழுத்துருவைத் தனியாகக் குறித்தால் இது சரியாகும். யூனிகோடுக்கு மாறினால் இந்தச் சிக்கலே இல்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருள் இந்த மாற்றத்துக்குப் பெரிதும் துணை நின்றது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் கட்டுரைப் பெயரைச் சுருக்கியே தலைப்பில் வைக்க வேண்டும். ‘ழு’வின் கீழ்வளைவு தலைப்பின் அடிக்கோட்டில் இடிக்காதபடி இடைவெளியும் கூட்ட வேண்டும்.

கடிதத்தாளில் தலைப்பு என்பது முகவரி. 2017இல் பாகான் டத்தோ, ஹிலிர் பேராக் மாவட்டத்திலிருந்து பிரிந்து பேராக்கின் 12ஆவது மாவட்டமானது. அதையொட்டிப் பெயரின் மலாய் எழுத்துக்கூட்டலும் மாறியது. பழைய மாவட்டப் பெயர் தாங்கிய கடிதத்தாளில் தலைப்பைத் திருத்த வேண்டி வந்தது. ரசீதுப் புத்தகத்தில் மேலே கோயிலின் பெயரும் பதிவெண்ணும் வரும். வரிசை எண்ணுக்கு இடம் காலியாக விடப்படும்; அச்சான பின்பு எண்ணிடும் கருவியால் அதை அடிப்பார்கள். கீழே பெற்றுக்கொண்டவர் கையொப்பம். நன்கொடைக் கணக்கு நேர்மையாக இருக்க இந்த இரண்டு ஓரங்களும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

வெளியீட்டில் இருந்தே ஆக வேண்டிய ஒரு வரியும் உண்டு. மலேசியாவின் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் வெளியீட்டில் இடச் சொல்கிறது. இந்தியாவில் 1867இலேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. எழுதியதற்குப் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆகவே இந்த வரியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாக்குவது சரியல்ல.

ஆனால் அந்த வரியில் பக்கம் அமைத்தவரின் பெயர் இல்லை. சிறிய அச்சகத்தில் தட்டச்சு செய்வது, பக்கம் அமைப்பது, மெய்ப்புப் பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் ஒருவர் தலையில்தான். கூலியைப் பக்கக் கணக்கில் பேசினால், பிரிவு பிரிவாகத் தலைப்பு மாற்றிய நேரம் அதில் சேராது. இடையில் தரகர் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். விழாக் கமிட்டி தரகரிடம் பேசும், தரகர் அச்சகத்திடம் பேசுவார். திருத்தம் மட்டும் கடைசி நாளில் பக்கம் அமைப்பவரிடம் வந்து சேரும். விழாக் குழுவினர் அச்சகத்துக்கே நேரில் போய், முகவரியையும் பொறுப்பாளர் பெயர்களையும் எழுதிக் கொடுத்து, முதல் மெய்ப்பில் எல்லாப் பக்கங்களின் தலையையும் அடியையும் தாமே படித்துக் கையெழுத்திட்டால் பணமும் மிஞ்சும், பிழையும் குறையும். மலரின் கடைசிப் பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்குக் கீழே, ‘பக்க அமைப்பு’ என்று ஒரு வரி சேர்த்து அந்த உழைப்பாளியின் பெயரையும் போட வேண்டும். அதற்குக் கூடுதல் தாளும் தேவையில்லை, கூடுதல் செலவும் இல்லை.